அந்த மோட்டாருக்கு நூறு வயதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு வீட்டு விறாந்தையில் வைத்திருக்கும் பழைய ஜோன்சன் படகு மோட்டாரின் படம் வந்திருந்தது, கீழே 'நூறாண்டு பழமையானது' என்று எழுதியிருந்தீர்கள். குருநகரில் முப்பது வருடத்துக்கு மேலாகப் படகு மோட்டார் திருத்துகிறவன் நான். அது தவறு. வீட்டுக்காரர் சொன்னதை நிருபர் எழுதியிருப்பார், அவரைக் குறை சொல்லவில்லை, ஆனால் விடை அந்தப் படத்திலேயே இருக்கிறது.

மோட்டாரின் பக்கத்தில் கியர் பிடி தெரிகிறது. முன்னுக்கு, நியூட்ரல், பின்னுக்கு என்று முழுக் கியரும் தனியாக ஒரு பெற்றோல் தாங்கியும் வைத்த மோட்டாரை ஜோன்சன் கம்பெனி 1949இல்தான் கொண்டுவந்தது, கியூடி-10 என்ற 10 குதிரைவலு மோட்டார் அது. அப்புறம் தாங்கியிலிருந்து வரும் பெற்றோல் குழாயைப் பாருங்கள். ஆரம்பத்தில் இரட்டைக் குழாய் இருந்தது, மோட்டாரிலிருந்து ஒன்றில் காற்றுப் போய்த் தாங்கிக்குள் அமுக்கம் கொடுக்க மற்றதில் பெற்றோல் ஏறி வரும். மோட்டாரிலேயே பெற்றோலை இழுக்கும் பம்ப் வந்த பிறகுதான் ஒற்றைக் குழாய், அது 1950களின் கடைசியில். படத்தில் இருப்பது ஒற்றைக் குழாய். யாராவது பிறகு பம்ப் மாட்டியிருந்தாலும்கூட 1949க்கு அங்கால் போகாது.

உண்மையிலேயே நூறு வயது தாண்டிய மோட்டார் பார்வைக்கே வேறு மாதிரி. ஓலே எவின்றூட் 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் விற்கத் தொடங்கியதற்கு மூடியே கிடையாது, ஒற்றைச் சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கும், மேலே வெறும் பிளைவீல், அதில் நிற்கும் குமிழைப் பிடித்துக் கையால் சுழற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். யமஹா தன் முதல் படகு மோட்டாரைச் செய்தது 1960இல், சுசூகி 1965இல். ஐம்பதுகளிலேயே தாத்தா யமஹாவில் தொழிலுக்குப் போனார் என்று யாராவது சொன்னால் ஆண்டு எங்கேயோ மாறிவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அப்பாவின் 25 குதிரைவலு எவின்றூட் 'அறுபதாம் ஆண்டு மிசின்' என்றே நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். பில், பதிவுப் புத்தகம் எல்லாம் இடப்பெயர்வோடு போய்விட்டன, கேட்பதற்கு அப்பாவும் இல்லை. ஒருநாள் படகின் பின்பலகையைக் கவ்விப் பிடிக்கும் அந்தக் கையில், பச்சை, அதற்குக் கீழே நீலம், அதற்குக் கீழே வெள்ளை என்று பூசிக்கிடந்த பெயின்றைத் தின்னர் தொட்ட துணியால் மெதுவாகத் தேய்த்தேன், நகத்தளவு தகடு தெரிந்தது, பிறகு 25302 என்ற எண். முதல் இரண்டு இலக்கம் குதிரைவலு, மூன்றாவது எழுபதுகளில் எந்த ஆண்டு என்பது, அதாவது 1973. அதே காலத்து ஜோன்சனில் 25ஆர்73 என்பது போல ஆண்டு கடைசியில் நேராகவே இருக்கும். 1980இலிருந்து இரண்டு கம்பெனிக்கும் எழுத்துக் கணக்கு: 'இன்ட்ரடியூசஸ்' (INTRODUCES) என்ற பத்தெழுத்து ஆங்கிலச் சொல்லில் ஐ என்றால் 1, என் 2, இப்படியே போய்க் கடைசி எஸ் 0. ஆகவே 'சி ஓ' என்று இருந்தால் 85.

தகடே இல்லாவிட்டால் மேல்மூடியைக் கழற்றுங்கள், சிலிண்டர் பக்கத்தில் காசு அளவில் ஒரு வட்ட மூடி இறுக்கியிருப்பார்கள், அதில் எண் குத்தியிருக்கும். ஒன்று மட்டும், எங்கள் பக்கத்தில் ஒரு மோட்டாரின் தலை, அதாவது மேலுள்ள எஞ்சின், இன்னொன்றின் காலில், அதாவது கீழ்ப்பகுதியில், ஏறியிருப்பது சாதாரணம், அதனால் ஒரு இடத்து எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம்.

வயது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பார்கள். பெற்றோலோடு சேர்க்கும் எண்ணெய்க் கலவைக்கு முதலில் அதுதான் வேண்டும். ஜோன்சனும் எவின்றூட்டும் 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்ற கலவைக்குப் பரவலாக மாறியது 1964இல், அதற்கு முந்தியவற்றுக்கு அதைப்போல இரண்டு மடங்கு எண்ணெய் வேண்டும். பழைய பிரிட்டிஷ் சீகல் மோட்டார் 10க்கு 1 கேட்கும். போன வருடம் ஒரு பையன் தாத்தாவின் ஐம்பதுகளின் மோட்டாரைத் தூசு தட்டி, இப்போதைய யமஹாவுக்குக் கலக்கிற கணக்கிலேயே ஊற்றி ஓட்டினான். அரை மணித்தியாலத்தில் பிஸ்டன் இறுகிவிட்டது. அறுபது வருடத்துக்கு மேல் தப்பி வந்த மிசின் அது. என் மேசையில் அதைக் கழற்றி வைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

படத்துக்குரியவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள், புதிதாகப் பெயின்ற் அடிக்க நினைத்திருந்தால் கொஞ்சம் பொறுக்கட்டும், உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம். கவ்வும் கையின் இரண்டு பக்கத்தையும் கிட்ட வைத்துப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினால், நீங்கள் அதைப் போடுங்கள், ஆண்டை நான் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் திருத்துநர் ஒருவர்,
குருநகர், யாழ்ப்பாணம்