மே 8-க்குள்

கேட்டி, டெக்சாஸ்
ஏப்ரல் 27, ஞாயிறு

அன்புள்ள கார்த்தி,

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் குறி வருகிறது, பதில் வருவதில்லை. உறையின் மேல் மே/பா போட்டு உன் நண்பன் பெயரை எழுதினேன். முப்பத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு மே/பா போட்டு எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை. சரி, அதை விடு.

விஷயம் இதுதான். நீ எல்லையிலுள்ள பிளைத் ஊர் வழியாகக் கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்தது மார்ச் 9. இன்றோடு 49 நாள் ஆகிறது. வெளி மாநிலத்திலிருந்து துப்பாக்கியோடு குடிவருகிறவர்கள் 60 நாளுக்குள் அந்த மாநில நீதித் துறைக்கு அறிக்கைப் படிவம் அனுப்ப வேண்டும். அப்படியென்றால் மே 8 கடைசி. டெக்சாஸில் முறையாக வாங்கியதுதானே, ரசீது இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதே. இங்கே பதிவு என்று ஒன்று கிடையாது, அதனால் உனக்கு அந்தப் பழக்கமே இல்லை. அங்கே அப்படி இல்லை. ஆன்லைனிலேயே அனுப்பலாம். துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழும் எடுத்து வைத்துக்கொள். துப்பாக்கிக் கடைகளிலேயே பரீட்சை வைக்கிறார்கள். 30 கேள்வி, 23 சரியாக இருந்தால் போதும், 25 டாலர். கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து கால்குலஸ் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவனுக்கு இதெல்லாம் தூசு.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நீ அந்த ஊரில் குடியிருக்கிறாய் என்று காட்ட ஏதாவது ஒரு தாள் வேண்டுமே. குடிவந்து 10 நாளில் டிரைவிங் லைசென்ஸ், 20 நாளில் கார் பதிவு. இரண்டும் எப்போதோ தாண்டிவிட்டது. ரியல் ஐடி என்கிற அடையாள அட்டை எடுக்கப் போனால் முகவரிச் சான்று இரண்டு கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், போன் பில், பாங்க் ஸ்டேட்மென்ட், இப்படி ஏதாவது. உன்னிடம் எது இருக்கிறது சொல். ஒப்பந்தம் நண்பன் பெயரில், கரண்ட் பில்லும் அவன் பெயரில். போன் இன்னும் என் ஃபேமிலி பிளானில். பாங்க் கடிதம் மாதாமாதம் நம் வீட்டுத் தபால் பெட்டியில் வந்து விழுகிறது. லைசென்ஸிலும் இந்த வீட்டு முகவரிதான். காகிதத்தின்படி பார்த்தால் நீ இன்னும் நம் மாடி அறையில்தான் தூங்குகிறாய்.

உனக்கு இதெல்லாம் சலிப்பாக இருக்கும். நானும் 1998-இல் வந்ததிலிருந்து தாள் தாளாகக் காட்டியே இந்த நாட்டில் இருந்தவன். அந்தப் பச்சை ஃபைலைப் பார்த்தாலே நீயும் அம்மாவும் சிரிப்பீர்கள். மணியாச்சி தாத்தா தேர்தல் வந்தால் ரெட்டைக்குழலைச் சாக்கில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வருவார். ஆச்சி அந்த ரசீதை அரிசிப் பானைக்குள் வைப்பாள். ஓட்டு எண்ணி முடிந்து துப்பாக்கி வீட்டுக்குத் திரும்பும்வரை ஒரு நாளைக்கு நாலு தடவை பானைக்குள் கையை விட்டுப் பார்ப்பார். நான் அவர் பிள்ளை.

நீயும் ஒன்றும் விவரமில்லாதவன் இல்லை. குண்டை எடுத்துவிட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டி, டிக்கியில் வைத்தாய். நானே நின்று பார்த்தேன். பத்து குண்டுக்கு மேல் கொள்கிற மேகசீனை அங்கே கொண்டுபோகக் கூடாது என்று அந்த 15 குண்டு மேகசீன் இரண்டையும் என் மேசை டிராயரில் போட்டுவிட்டுப் போனாய். இவ்வளவு யோசித்து எடுத்து வைக்கிறவன் நன்றாகத்தான் இருப்பான் என்று அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அதையே எனக்கும் சொல்லிக்கொள்கிறேன். லாஸ் குரூசஸ் பெட்ரோல் பங்கில் எடுத்து அனுப்பினாயே, அதுதான் உன் கடைசிப் போட்டோ. அதில் நீ இல்லை, மலை மட்டும் இருக்கிறது.

அம்மா நன்றாக இருக்கிறாள். முட்டிவலி அப்படியேதான். கறிவேப்பிலைச் செடி ஒன்றைத் தொட்டியில் பதியம் போட்டு உனக்கென்று வைத்திருந்தாள். அதைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஆரஞ்சு மரத்தைக் கெடுக்கிற பூச்சி அதோடு வந்துவிடும் என்று தடை. துப்பாக்கிக்கு 60 நாள் தருகிறார்கள், கறிவேப்பிலைக்கு ஒரு நாள் கூடத் தரமாட்டார்களா என்கிறாள். பொடி செய்துவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

ஃபெடரல் விதியில் குடியிருப்புக்கு ஒரு விளக்கம் படித்தேன். ஒரு மாநிலத்தில் இருக்க வேண்டும், அங்கே வீடு வைத்து வாழும் எண்ணமும் இருக்க வேண்டுமாம். இருப்பது சரி. எண்ணம் இருக்கிறதா? மெத்தை வாங்கினாயா? இன்னும் தரையில்தான் படுக்கிறான் அங்கிள் என்று உன் நண்பன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே. அந்த விஷயத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டாயிற்று, முடிந்தது. அந்தப் பெண்ணையும் குறை சொல்ல மாட்டேன்.

படிவம் நிரப்ப அலுப்பாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. வேட்டைத் துப்பாக்கி, பிஸ்டல் இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நீ நேராக என் கையில் கொடுக்க முடியாது. இரண்டு மாநிலக்காரர்கள் ஆகிவிட்டால் அப்பனும் மகனும் கூட லைசென்ஸ் உள்ள கடை வழியாகத்தான் கைமாற்ற வேண்டும். அங்கே ஒரு கடையில் கொடு, அவர்கள் கேட்டியில் உள்ள கடைக்கு அனுப்புவார்கள், நான் துப்பாக்கி வாங்குகிறவர்கள் நிரப்பும் 4473 படிவத்தை நிரப்பி வாங்கி வைக்கிறேன். உனக்கு எப்போது வேண்டுமோ அப்போது பேசிக்கொள்ளலாம். கிளம்பும்போதே இங்கே விட்டுவிட்டுப் போடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த வேலையெல்லாம் இல்லை. சொல்ல வாய் வரவில்லை.

கார்த்தி, பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது துப்பாக்கிப் பெட்டிச் சாவியைக் காணோம் என்று மூன்று நாள் தேடினாயே. கடைசியில் கார் ஃப்ளோர் மேட்டுக்கு அடியில் கிடந்தது என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அது அங்கே கிடக்கவில்லை. மூன்று நாளும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. நீ சோபாவைப் புரட்டித் தேடியபோது நானும் கூடக் குனிந்து தேடினேன்.

வந்த அன்று இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். மணி இரண்டரை. உன் அறையில் விளக்கு எரிந்தது. கதவு இடுக்கு வழியே பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சாவி உன் கார் சாவியோடு ஹால் மேசையில் இருந்தது. வளையத்திலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு இரவும் ஹாலில் உட்கார்ந்து உன் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினாலு படி. ஏறி வந்து என்னடா என்று கேட்டிருக்கலாம். நீ என்ன சொல்லிவிடுவாயோ என்று பயந்து கேட்கவில்லை. மூன்றாம் நாள், படித்த பையன் சாவியைத் திருடிய அப்பனாக இருக்கிறோமே என்று எனக்கே வெட்கமாகி, மேட் கதையைச் சொன்னேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது கேட்கிறேன். செத்துப்போய்விடலாம் என்று நினைப்பு வருகிறதா? இல்லையென்றால் இல்லை என்று எழுது. வருகிறது என்றால் அதையும் எழுது, நான் கோபப்பட மாட்டேன், பிரசங்கம் செய்ய மாட்டேன். நடுராத்திரி என்றாலும் கூப்பிடு. நான் எப்படியும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். படிவத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

வெள்ளிக்கிழமை, மே 2, சான் ஹோசேவுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். ரத்து செய்தால் பணம் திரும்பாது, அதனால் வேண்டாம் என்று சொல்லாதே. நீ ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம், டாக்ஸி பிடித்து வந்துவிடுவேன். நானும் தரையில் படுத்துக்கொள்வேன்.

அப்பா

பி.கு: நான் வருவதற்குள் வாடகை ஒப்பந்தத்தில் உன் பெயரைச் சேர்க்கச் சொல்லி நண்பனிடம் பேசு. வீட்டுக்காரர் கையெழுத்தும் வேண்டும். பாங்க் முகவரியை நீயே போனில் மாற்றிவிடலாம், இரண்டு நிமிட வேலை. மே 8.