மலையடிவாரத்திலேயே இறக்கிவிட்டு, கச்சேரி கேட்டதாகப் பதிவு செய்தது குறித்த புகார்

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.

பொருள்: கொல்லிமலைக் கோடைக் கச்சேரித் தொடர்ச்சீட்டுக்குச் செலுத்திய தொகையைத் திரும்பத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மே மாதச் சனிக்கிழமைகளில் கொல்லிமலைக் கிராமம் ஒன்றில் நடந்த கோடைக் கச்சேரித் தொடருக்காக, தஞ்சாவூரிலிருந்து பேருந்து, இரவு தங்குமிடம், நுழைவுச்சீட்டு ஆகிய மூன்றும் சேர்ந்த தொடர்ச்சீட்டை எங்கள் குடும்பத்தார் நால்வருக்கும் ஆளுக்கு 6,500 ரூபாய் வீதம் மொத்தம் 26,000 ரூபாய் செலுத்தித் தங்கள் செயலியில் வாங்கினேன். அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவதற்காகத் தொலைபேசி, மின்னஞ்சல், திருச்சியிலுள்ள தங்கள் கிளை அலுவலகம் என்று அலைந்து ஓய்ந்த பிறகே இக்கடிதத்தை எழுதுகிறேன். அழைக்கும்போதெல்லாம் புதிய புகார் எண் ஒன்று தருகிறார்கள். பழைய எண்ணைச் சொன்னால், அந்தப் புகார் தீர்க்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டுவிட்டது என்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் புகாரை யார் தீர்த்து வைத்தார்கள் என்பதை முதலில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

முதல் வாரத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. தாங்கள் அனுப்பிய சிறிய வேன் மலையேறியது. ஊர் மக்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எங்களுக்கு இடம் ஒதுக்கித் தந்தார்கள். ஒலிபெருக்கியின் இரைச்சல் இல்லாத அந்தக் குளிரில் நாகசுரம் கேட்டது பெரும் நிறைவாக இருந்தது. இரண்டாம் வாரத்தில்தான் அத்தனையும் கெட்டது. அன்று தாங்கள் அனுப்பியது நீளமான சொகுசுப் பேருந்து. காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன என்பதை அடிவாரப் பலகையே சொல்கிறது. அந்த வளைவுகளில் இந்த வண்டி திரும்பாது, சிறிய வண்டிதான் போகும் என்று ஓட்டுநர் அடிவாரத்துக்கு வந்த பிறகு கையை விரித்துவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. முந்தைய வாரம் சிறிய வேனை அனுப்பிய நிறுவனத்துக்கு, தான் விற்கும் பயணத்தின் பாதை எப்படிப்பட்டது என்று தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தே செலவைக் குறைப்பதற்காகப் பெரிய வண்டியை அனுப்பினீர்கள் என்றே நான் கருதுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து திருச்சி, முசிறி, நாமக்கல் வழியாக வெயிலில் வந்து, பொழுது சாய்ந்த நேரத்தில் அடிவாரத்தில் நின்றோம். மேலே போகும் அரசுப் பேருந்து அதற்குள் போய்விட்டது. தங்கள் அவசர உதவி எண்ணில் இசை மட்டும் ஒலித்துக்கொண்டே இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கோயில்களில் தவில் வாசித்த என் பெரியப்பா, தேநீர்க் கடையின் பலகையில் உட்கார்ந்து, மேலே வளைவு வளைவாக ஏறிச் செல்லும் வண்டி விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய நிகழ்ச்சி ஓதுவார் ஒருவரின் தேவார இசை. அப்பர் பெருமான் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது. அந்தப் பண்ணிசையை, அதே பெயர் கொண்ட, அறப்பள்ளீஸ்வரர் கோயில் கொண்டிருக்கும் கொல்லிமலையில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தொடர்ச்சீட்டு முழுவதையும் நான் வாங்கியதே அந்த ஒரு மாலைக்காகத்தான். இரவு முழுவதும் பேருந்து இருக்கையில் கிடந்துவிட்டு, ஒரு சுரம்கூடக் காதில் விழாமல் திரும்பினோம்.

இப்போது தங்கள் அலுவலகம் சொல்லும் பதிலைக் கேளுங்கள். எங்கள் சீட்டில் இருக்கும் ஒரே கியூஆர் குறியீட்டைத்தான் பேருந்து வாசலிலும் ஸ்கேன் செய்கிறீர்கள், அரங்க வாசலிலும் ஸ்கேன் செய்கிறீர்கள். தஞ்சாவூரில் நாங்கள் வண்டியேறியபோது ஸ்கேன் செய்த அந்த நொடியிலேயே, கச்சேரிக்கு ‘வருகை பதிவாகிவிட்டது’ என்று செயலி காட்டுகிறது. வந்து கேட்டவர்களுக்குப் பணம் திரும்பக் கிடையாதாம். தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்தில் நின்றவன் அதே நிமிடத்தில் கொல்லிமலையில் எப்படிக் கச்சேரி கேட்டிருக்க முடியும் என்று கேட்டேன். நேரமும் இடமும் தங்கள் பதிவிலேயே இருக்கின்றன. எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் மனமில்லை. விழாக் குழுவினரைக் கேட்டால், பணம் வாங்கியது தங்கள் நிறுவனம் என்கிறார்கள். தங்களைக் கேட்டால், விழாக் குழுவினரைக் கேளுங்கள் என்கிறீர்கள்.

இவற்றையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். திருச்சிக் கிளையில் இருந்த தங்கள் அலுவலர் பேசிய பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. பெரியப்பாவும் உடன் நின்றிருந்தார். எங்களை உட்காரக்கூடச் சொல்லாமல், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “உங்க ஊர்ல இல்லாத கச்சேரியா சார்? இதுக்குப் போய் மலை ஏறணுமா, அதுவும் இந்த வயசுல?” என்றார். பணம் வாங்கும்போது எங்கள் ஊரும் வயதும் தங்களுக்குத் தெரியாதா? திருவையாற்றுக்காரர்களுக்குக் கச்சேரியைப் பற்றித் தங்கள் அலுவலர் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தைப் பருவத்துத் தியாகராஜர் ஆராதனைக்குப் பந்தலில் மணலில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் நாங்கள். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தைக்கூட இந்த ஆண்டு தங்கள் சீட்டை நம்பியே விட்டுவிட்டோம். பெரியப்பா வெளியே வந்து பேருந்து நிலையம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பாணர்களுக்கு வாரிக் கொடுத்தவன் என்று வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் மலைக்குச் சீட்டு விற்கும் நிறுவனம், ஒரு கலைஞரை இப்படியா நடத்துவது?

அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்தால் குறுவைக்கு நாற்றங்கால், உழவு என்று எங்களுக்கு நிற்க நேரமிருக்காது. கோடையின் அந்தச் சில வாரங்கள்தான் எங்களுக்கு ஓய்வு. இந்த ஆண்டுக் கோடை முழுவதையும் தாங்கள் பாழாக்கிவிட்டீர்கள். மூன்றாம் வாரம் கோடை மழையால் நிகழ்ச்சி ரத்து என்ற குறுஞ்செய்தி நாங்கள் திருச்சியைத் தாண்டிய பிறகு வந்ததையும், அதற்குப் பின் பெரியப்பா வர மறுத்துவிட்டதையும் இங்கே சேர்த்துக்கொள்ளவும்.

தங்களிடம் பணிவுடன் கேட்பது இதுதான்: 26,000 ரூபாயையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும்; அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும்; எங்கள் பெயரில் உள்ள பொய்யான வருகைப் பதிவை நீக்க வேண்டும்; அந்த அலுவலர் பெரியப்பாவுக்கு எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். தங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள், அவர்கள் கண்ணில் இது பட்டால் நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் எனக்கு இருக்கிறது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்வதோடு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். தங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அச்சட்டம் எனக்கு இடம் தருகிறது. பேருந்தில் ஸ்கேன் செய்த நேரத்தைக் காட்டும் செயலிப் பக்கத்தின் நகலையும், அடிவாரத்தில் அன்றிரவு எடுத்த புகைப்படங்களையும், உடன் வந்த பயணிகள் சிலரின் கையொப்பமிட்ட வாக்குமூலத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தொடர்ச்சீட்டு வாங்கிய வாடிக்கையாளர்,
திருவையாறு.