இஸ்திரிக்கடை அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

ஃப்ரேசர் டவுன் சொந்தங்களுக்கு,

என் வீட்டுக்காரர் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி குடிக்கிறார், டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறார். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

ரத்தம் கொடுத்தவர்கள், ராத்திரி வராந்தாவில் துணைக்கு உட்கார்ந்தவர்கள், பூசை வைத்தவர்கள், பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுக் கூட்டிவந்தவர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. பெயர் போட்டால் யாராவது விட்டுப்போய் மனஸ்தாபம் வரும்.

ஆனால் ஃபட்ஜ் கதையை, அதாவது நான் ஆர்டருக்குச் செய்யும் அந்தப் பால் மிட்டாயின் கதையை, சொல்லியே ஆகவேண்டும். கிறிஸ்துமஸ் ஆர்டருக்கு வாங்கிய முன்பணம் முழுக்க ஆஸ்பத்திரி கவுண்டருக்குப் போயிருந்தது. சென்னையிலிருந்து ஓடிவந்த நாத்தனார், "நீங்க அண்ணனைப் பாருங்க அண்ணி, அடுப்பை நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் வராந்தாவிலிருந்து போனில் பதம் சொன்னேன். சென்னையில் அவள் 115 டிகிரியில் இறக்குவாள். பெங்களூரு கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே. தண்ணீரே இங்கே 97 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். அதனால் 112லேயே இறக்கச் சொன்னேன், விட்டால் கல்லாகிவிடும். இறக்கியபின் சட்டியின் அடியில் உள்ளங்கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை கரண்டி படக்கூடாது. சூட்டோடு கிண்டினால் சர்க்கரை பூத்து நறநறக்கும். எல்லாம் பக்குவமாகத்தான் செய்தாள். ஆறியபின் விடாமல் அடிக்க வேண்டுமே, அங்கேதான் அவள் தோள்பட்டை மக்கர் செய்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் துணி கொடுக்க வந்தார் இஸ்திரிக்கடை அண்ணன். மூட்டையை இறக்கிவைத்தார், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார், மரக்கரண்டியை வாங்கிக்கொண்டார். போனில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எப்ப நிறுத்தணும்க்கா?"

"பளபளப்பு போகணும் அண்ணே. மங்கினதும் வால்நட்டைக் கொட்டி உடனே தட்டுல ஊத்திடுங்க. அசந்தா சட்டியிலயே உறைஞ்சிடும்."

"கஞ்சி போட்ட வேட்டில ஈரம் இழுக்குறாப்ல. சரி, பாத்துக்கறேன்."

நாளெல்லாம் கரிப்பெட்டி தூக்குகிற கை. அடுத்தடுத்து வந்த சட்டிகளையும் அவரே அடித்து முடித்தார். மறுநாள் காலை நாத்தனார் ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். நாக்கில் ஒரு மணிகூட உறுத்தவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதது அப்போதுதான். அதுவரை அழ நேரம் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் சட்டையும் சீலையும் வராமல் காத்திருந்த தெருக்காரர்களே, காரணம் இதுதான். திட்டியிருந்தால் என்னைத் திட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வாசலில் வாரத்துக்கு இரண்டு முறை வந்து நின்ற மனிதருக்கு நான் ஒரு டம்ளர் காபிகூடக் கொடுத்ததில்லை என்பது உறைக்கிறது. அவருக்குச் சர்க்கரை வியாதி, ஃபட்ஜைத் தொடமாட்டார். இனி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முதல் தட்டு அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு. அவருக்குச் சர்க்கரை போடாத காபி, கிறிஸ்துமஸ் வரை காத்திருக்காமல்.

கடைசியாக, சாப்பாடு அனுப்பியவர்கள் கவனத்துக்கு: உங்கள் டப்பாக்களும் தூக்குகளும் எங்கள் வீட்டு ஹாலை நிறைத்திருக்கின்றன. கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். எது யாருடையது என்று எனக்குத் தெரியாது, நீங்களே வந்து பொறுக்கிக்கொள்ளுங்கள். வெறும் பாத்திரமாகத் தரமாட்டேன்.