பூஸ்ட் ஏறி இறங்கும் காருக்கு டர்போவையே மாற்றச் சொன்னது குறித்த புகார்

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
கார் டியூனிங் நிறுவனம், கோயம்புத்தூர்.

பொருள்: 2011 மாடல் ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ – தவறான பழுதுக் கணிப்பு, முடிக்கப்படாத ரீமேப்

ஐயா, வணக்கம்.

கடந்த ஜனவரியில் உங்களிடம் என் காருக்கு 3 அங்குல டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்) போட்டு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்புகளை மாற்றுவது) செய்தேன். இரண்டு வாரம் அருமையாக ஓடியது. அப்புறம் மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தால், யாரோ ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதிப்பது போல இழுவை துடிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் பல்லடம் தாண்டி, தாராபுரம் சாலையில் ஒரு டிப்பரை முந்தும்போது, எதிரே பஸ் வருகிற நேரத்தில் வண்டி லிம்ப் மோடுக்கு (பழுது தெரிந்ததும் கம்ப்யூட்டரே இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும் நிலை) போய்விட்டது. பின்சீட்டில் அம்மா இருந்தார். பிரேக் பிடித்து மறுபடி டிப்பருக்குப் பின்னால் ஒதுங்கித்தான் தப்பித்தோம்.

மறுநாளே வண்டியை உங்களிடம் விட்டேன். ஸ்கேனரில் பி0234, பி0299 என்ற இரண்டு பழுதுக் குறியீடுகளும் வந்தன. முதலாவது, பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) அளவை மீறுகிறது என்பது. அடுத்தது, பூஸ்ட் போதவில்லை என்பது. ஒரே டர்போ இரண்டு விதமாகவும் நடந்துகொண்டால், அதைக் கட்டுப்படுத்தும் வால்வையும் ஹோஸ்களையும்தானே முதலில் பார்க்க வேண்டும்? நீங்கள் நான்கு நாள் வைத்திருந்து, "டர்போ போச்சு சார்" என்று 1,10,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தீர்கள். செக்கப் கட்டணமாக 4,500 ரூபாயும் வாங்கினீர்கள். பிரஷர் டெஸ்ட் செய்தீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

சிங்காநல்லூரில் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். ஏர் இன்டேக் ஹோஸைக் கழற்றி டர்போ ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை, ஆயில் கசிவும் இல்லை. பிறகு டர்போவின் வாயை ஒரு பிவிசி மூடியால் அடைத்து, அதில் பொருத்திய டியூப் வால்வு வழியாக 1 பார் காற்று ஏற்றி, எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தார். பூஸ்டைக் கட்டுப்படுத்தும் என்75 வால்விலிருந்து, வேஸ்ட்கேட்டை (புகையை டர்போவைச் சுற்றித் திருப்பிவிட்டு பூஸ்டைக் குறைக்கும் கதவு) திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன ஹோஸின் முனையில் நுரை பொங்கியது. கையால் வளைத்தபோது, நகக்கீறல் போல ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. அதில் காற்று கசிந்தால் ஆக்சுவேட்டருக்குப் போதிய அழுத்தம் போகாது, வேஸ்ட்கேட் நேரத்துக்குத் திறக்காது, பூஸ்ட் எகிறும். இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) அதை இழுத்துப் பிடிக்கும், மறுபடி விடும். நான் எடுத்த லாகில் (வண்டி ஓடும்போது எடுத்த பூஸ்ட் பதிவு) இலக்கு 1.2 பார் இருக்கும்போது உண்மையான பூஸ்ட் 1.45க்கும் 0.8க்கும் நடுவே அலைந்தது இதனால்தான். ஆக்சிலரேட்டரை விடும்போது மிஞ்சும் பூஸ்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் டயாஃப்ரமும் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருந்தது.

என்னை மிகவும் வருத்தியது இன்னொன்று. ஆக்சுவேட்டரை வேஸ்ட்கேட்டோடு இணைக்கும் ராடின் நட்டில் கம்பெனி வைத்த பெயின்ட் குறி உடைந்திருந்தது. ராடு முழுக்கத் துரு, நட்டை ஒட்டி மட்டும் இரண்டு மரை பளபளவென்று புதிதாகத் தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இறுக்கியிருக்கிறீர்கள். ஏற்கெனவே எகிறும் பூஸ்டுக்கு ராடை இறுக்கினால், வேஸ்ட்கேட் இன்னும் தாமதமாகத் திறந்து, இன்னும் எகிறத்தானே செய்யும்? என் குடும்பம் உட்காரும் வண்டி அது.

சிங்காநல்லூர் மெக்கானிக் ஹோஸ், கிளிப், டைவர்ட்டர் வால்வு மாற்றி, ராடைப் பழைய அளவுக்கு வைத்தார். துடிப்பு நின்றுவிட்டது. டர்போ அதே பழைய டர்போதான். ஆனாலும் 3000 ஆர்பிஎம் பக்கத்தில் பூஸ்ட் இலக்கைவிட 0.2 பார் தாண்டிப் போய்த்தான் நிலைக்கு வருகிறது. டவுன்பைப் அகலமானால் டர்போ சீக்கிரம் சுழல் பிடிக்கும். வேஸ்ட்கேட் டியூட்டி அளவுகளை (என்75 வால்வுக்கு இசியூ கொடுக்கும் கட்டளை அளவு) அதற்கேற்ப, லாக் எடுத்துப் பார்த்துக் குறைக்க வேண்டும். அந்த வேலை முடியாமலே வண்டியைக் கொடுத்திருக்கிறீர்கள். ரீமேப் ஃபைலை நீங்கள் பூட்டி வைத்திருப்பதால் வேறு யாரும் அதைத் தொட முடியவில்லை.

எனவே செக்கப் கட்டணம் 4,500 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். ரீமேப்பைக் கட்டணமில்லாமல், நான் பக்கத்தில் இருக்கும்போது, மூன்றாவது கியர் லாக் எடுத்துச் சரிசெய்து தர வேண்டும். ராடை இறுக்கியது யார், ஏன் என்று எழுத்தில் பதில் வேண்டும். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

பழுதுக்கு முன்னும் பின்னும் எடுத்த லாக், ராடின் படங்கள், உங்கள் பில் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். வெடித்த ஹோஸ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நேரில் வரும்போது கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்