சீனாவிலிருந்து தீவுகளுக்குச் சரக்கு அனுப்பும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஃபோஷான், குவாங்சோ, யீவு, நிங்போ ஊர்களில் சரக்கு வாங்கிக் கொடுத்தும் கப்பலேற்றி விட்டும் பிழைக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். நான் மொரீஷியசில், போர்ட் லூயியில், வந்த சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் 26 வருஷமாக வேலை பார்க்கிறேன். உங்களில் பெரும்பாலோரை நான் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் கட்டி அனுப்பும் பெட்டிகளைத் தினமும் பார்க்கிறேன். நீங்கள் போடும் கையெழுத்தும், அட்டைப் பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கரும்கூட எனக்குப் பழக்கம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு பெரியவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு கோயிலின் பொருளாளர். மடைப்பள்ளித் தரை பெயர்ந்து போய்விட்டது, காவடி நாளில் அத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும், வழுக்காத டைல்ஸாக வேண்டும் என்று ஃபோஷானிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் ஒரு தமிழ்ப் பையன்தான் கடை பார்த்து, விலை பேசி, கப்பலேற்றி எல்லாம் முடித்துக் கொடுத்தானாம். கப்பல் கூலியே வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். பெரியவர் இதையெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சு மொழியான கிரியோலில்தான் சொன்னார். 'நம்ம பிள்ளை' என்ற இரண்டு சொல் மட்டும் தமிழில் வந்தது.

அவர் நீட்டிய தாள், சரக்கு வந்து சேர்ந்ததற்கான அறிவிப்பு. அதில் கப்பல் கூலி என்ற இடத்தில் பூஜ்யம்தான் இருந்தது. அதற்குக் கீழே பதினொரு கட்டணங்கள். டெலிவரி ஆர்டர் (சரக்கை எடுக்க அனுமதிக்கும் தாள்) கட்டணம், கன்டெய்னரைப் பிரித்த கட்டணம், கிடங்குக் கட்டணம், ஆவணக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், ஏஜென்ட் கட்டணம் என்று போகிறது. பாதிக்கு மேல் டன் கணக்கில் போட்டது. அந்த டைல்ஸ் அடைத்த இடம் ஒன்றரை சி.பி.எம்., அதாவது ஒன்றரை கன மீட்டர். எடை இரண்டரை டன். கன அளவு, எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம் என்பது நம் தொழிலில் அரிச்சுவடி. பெரியவருக்கு அது தெரியாது. ஒன்றரைக்குத்தான் அவர் கணக்குப் போட்டிருந்தார். சுங்கத்துக்குக் கட்ட வேண்டிய 15 சதவீத வாட் வரியைக்கூட மறக்காமல் எடுத்து வைத்திருந்தார். அந்தப் பதினொரு கட்டணத்துக்கு மட்டும் அவரிடம் காசில்லை. கூட்டிப் பார்த்தால் டைல்ஸ் விலையைவிட அதிகம்.

'இதில் எது கப்பல் கூலி?' என்று கேட்டார். எல்லாமேதான் ஐயா என்றேன்.

இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கும் கடைக்காரர்களுக்காகச் சொல்கிறேன். பத்து இருபது பேருடைய சில்லறைச் சரக்கைச் சேர்த்து ஒரு கன்டெய்னரில் அடைத்து அனுப்புவதுதான் எல்.சி.எல். சீனத் துறைமுகங்களில் இந்தத் தொழிலில் போட்டி கடுமை. அதனால் அங்கே கப்பல் கூலியைக் குறைத்துக் குறைத்து, பூஜ்யத்துக்கும் கீழே கொண்டுபோய்விட்டார்கள். சரக்கைக் கொடுத்ததற்காக அனுப்புகிற ஏஜென்டுக்கே ஒரு தொகை திரும்பி வரும். அந்தக் காசு வானத்திலிருந்து விழுவதில்லை. சரக்கு இறங்கும் ஊரில் இருக்கும் ஏஜென்ட், வாங்குபவரிடம் வசூலித்து அனுப்புவது. வாங்குபவர் அங்கே பேரம் பேச முடியாது. சரக்கு கிடங்குக்குள் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் வாடகை ஏறுகிறது, பணம் கட்டினால்தான் டெலிவரி ஆர்டர் கைக்கு வரும்.

சி.ஐ.எஃப். விலை என்று சொல்லும்போது இது இன்னும் சுலபமாகிவிடுகிறது. விற்பவர் கப்பல் கூலியும் இன்சூரன்சும் தருகிறார் என்றதும் நம் ஆட்களுக்கு நிம்மதி. அந்தக் கப்பல் ஏஜென்டைத் தேர்ந்தெடுத்தவர் விற்பவர் என்பதையும், அங்கே கப்பலில் ஏற்றிய நொடியிலிருந்து நஷ்டம் வாங்குபவருடையது என்பதையும் யாரும் சொல்வதில்லை. இன்சூரன்சும் அப்படித்தான். சி.ஐ.எஃப்.பில் விற்பவர் எடுத்தாக வேண்டியது மிகக் குறைந்த வகைப் பாதுகாப்பு மட்டும். கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் கிடைக்கும். பெட்டி நனைந்தால், பொருள் திருடு போனால், கையாளும்போது உடைந்தால் கிடைக்காது.

கோயில் டைல்ஸுக்கு இன்னொரு சோதனையும் காத்திருந்தது. சரக்கை அடுக்கும் மரப் பேலட்டில் முத்திரை இல்லை. கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் நாட்டின் இரண்டெழுத்து, தயாரித்தவரின் பதிவு எண், வெப்பமேற்றியதற்கு அடையாளமாக எச்.டி. என்ற எழுத்து, இவ்வளவுதான் அந்த முத்திரை. மரத்தின் நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிஷம் ஏறியிருக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். முத்திரை இல்லாததால் தாவரப் பாதுகாப்பு அதிகாரிகள் நிறுத்தி வைத்தார்கள். அது அவர்கள் கடமை. மருந்தடிக்க ஒரு செலவு, அந்த நாட்களுக்குக் கிடங்கு வாடகை ஒரு செலவு. கடைசியில் பேலட்டைப் பிரித்தபோது நானும் கூட நின்றேன். டைல்ஸை நிற்க வைத்து அடுக்க வேண்டும். இங்கே படுக்க வைத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே வேறு யாரோ வாங்கிய இரும்புக் குழாய்க் கட்டை ஏற்றியிருந்தார்கள். அடி வரிசைப் பெட்டிகளைத் தூக்கினால் உள்ளே சில்லுச் சத்தம். பெரியவர் ஒரு உடைந்த துண்டை எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, 'வழுக்காது, நல்ல டைல்ஸ்தான்' என்றார். அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை.

போர்ட் லூயி பெரிய துறைமுகம். நேரே கப்பல் வரும், கிரேன் இருக்கிறது, எங்களைப் போல் கேட்டுச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். இங்கேயே இந்த கதி என்றால் பசிபிக்கில் இருப்பவர்கள் பாடு என்ன?

சில வருஷம் முன்னால் ஒரு வாடிக்கையாளருக்குத் துணையாக குவாங்சோவில் நடக்கும் கான்டன் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, ஃபிஜியின் தலைநகர் சுவாவிலிருந்து வந்த ஒரு அம்மாவைச் சந்தித்தேன். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களுக்கு 1903-லிருந்து சென்னை வழியாகக் கப்பலேறிய நம் ஆட்களின் வம்சம். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனாலும் கண்டதும் அக்கா என்றார். அன்றிலிருந்து போனில் பேசிக்கொள்கிறோம். பேச்சு பாதி பேலட், பாதி பிள்ளைகள்.

அவர் சொல்வதைக் கேட்டால் என் குறை சிறிதாகிவிடுகிறது. ஃபிஜித் துறைமுகங்களான சுவா, லவுதோகா வரைக்கும் சரக்கு எப்படியோ வந்துவிடும். அவருடைய வாடிக்கையாளர்களில் துவாலுக்காரர்கள் உண்டு. அவர்களுக்குச் சுவாவில் இறக்கி, வேறு கப்பலில் மாற்றி, அவர்கள் தலைநகர் ஃபுனாஃபுதி போய், அங்கிருந்து வெளித்தீவு என்றால் மறுபடி ஒரு கப்பல். டோகெலாவுக்கு விமானமே கிடையாது. சமோவாவின் அபியாவிலிருந்து கப்பலில் ஒரு நாளுக்கும் மேல். போய்ச் சேர்ந்தாலும் கப்பல் கட்ட துறைமுகம் இல்லை. பவளப் பாறைக்கு வெளியே கப்பல் நிற்க, தட்டைப் படகான பார்ஜில் இறக்கி அலை பார்த்துக் கரைசேர்க்க வேண்டும். குவாங்சோ கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் நல்லபடியாகத் தூக்கி வைத்த அதே அட்டைப் பெட்டியை டோகெலாவில் இரண்டு பேர் ஈரக் கையோடு தோளில் வாங்குகிறார்கள்.

கிரிபாட்டிக்கு விலை கேட்டால், கிரிபாட்டியில் எங்கே என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும். தலைநகர் தராவாவுக்கும் கிரிட்டிமாட்டி தீவுக்கும் நடுவில் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் கடல் இருக்கிறது. இரண்டும் ஒரே நாடுதான். அந்தக் கிரிட்டிமாட்டியைத்தான் ஆங்கிலத்தில் கிறிஸ்துமஸ் தீவு என்கிறார்கள். ஜாவாவுக்குத் தெற்கே, நம் இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான இன்னொரு கிறிஸ்துமஸ் தீவு இருக்கிறது. சுவா அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர் சோலார் விளக்கு அனுப்பக் கேட்டபோது, ஒரு ஏஜென்ட் அந்தத் தீவுக்கு விலை போட்டுக் கொடுத்துவிட்டார். நல்லவேளையாகப் பணம் கட்டுமுன் கண்டுபிடித்தார்கள்.

தீவுக்குக் கூலி அதிகம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. சரக்கு குறைவு, கப்பல் குறைவு, திரும்பும்போது கன்டெய்னர் பெரும்பாலும் காலி. போகிற சரக்குதான் வருகிற காலிப் பெட்டிக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டும். கிரேன் இல்லாத துறைமுகத்துக்குத் தன் மேலேயே கிரேன் வைத்த கப்பல்தான் போக முடியும். இதெல்லாம் நியாயமான செலவு, தீவில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். அந்தச் செலவை முன்னாலேயே சொல்லிவிட்டால், நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு முழு கன்டெய்னர் எடுப்பார்கள். இல்லை, சிங்கப்பூரில் வாங்கிக்கொள்வார்கள். அல்லது வாங்காமலே இருப்பார்கள். கூலி பூஜ்யம் என்று எழுதிக் கொடுப்பது அந்த யோசனைக்கு வழியே இல்லாமல் செய்துவிடுகிறது.

பேலட் முத்திரையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. குவாம் தீவில் 2007-லும் சாலமன் தீவுகளின் ஹோனியாராவில் 2015-லும் காண்டாமிருக வண்டின் புது வகை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. தென்னையின் குருத்தைக் குடைந்து மரத்தையே சாய்க்கிற வண்டு. மனிதர் கொண்டுபோகும் சரக்கோடு சரக்காகக் கடல் தாண்டுகிறது. தேங்காயும் மீனும் தவிர வேறு பெரிதாக எதுவும் இல்லாத தீவில் தென்னை போனால் என்ன மிஞ்சும்? மண் ஒட்டிய கன்டெய்னரையும் பட்டை உரிக்காத பலகையையும் ஏற்றுவதற்கு முன்னால் இதை நினைத்துப் பாருங்கள். முத்திரையுள்ள பேலட்டுக்கு ஆகும் கூடுதல் காசு சொற்பம்.

உங்களை மட்டும் சொல்லிவிட்டு எங்களை விட்டுவிடக்கூடாது. இங்கிருந்து கிழக்கே சுமார் 600 கிலோமீட்டரில் ரொட்ரீக் தீவு இருக்கிறது. எங்கள் நாட்டின் பகுதிதான். ஃபோஷானிலிருந்து போர்ட் லூயி வரும் சரக்கு அங்கே போர்ட் மத்தூரினுக்குப் போக இன்னொரு கப்பல் ஏற வேண்டும். அந்த மக்களுக்கு நாங்கள் செய்வதும் இதுவேதான். இங்கே கடையில் ஒரு விலை சொல்லி, துறைமுகக் கூலி, கப்பல் கூலி, அங்கே இறக்குகூலி என்று ஒவ்வொன்றாக அப்புறம் சேர்ப்போம். என் அலுவலகத்திலும் அப்படித்தான் இருந்தது. போன வருஷத்திலிருந்து மத்தூரின் கரை வரைக்குமான கணக்கை ஒரே தாளில் போட்டுக் கொடுக்கிறோம். இரண்டு வாடிக்கையாளர் விலை அதிகம் என்று போய்விட்டார்கள், உண்மைதான். ஒருவர் திரும்பி வந்தார்.

உங்களிடமும் அந்த ஒரு தாளைத்தான் கேட்கிறேன். சரக்கை ஏற்றுமுன், வாங்குபவர் பணம் கட்டுமுன், அது இருக்கட்டும். சரக்கு கடைசியாக இறங்கும் துறைமுகத்தின் பெயர், நடுவில் எத்தனை கப்பல் மாறும், அந்த ஊர் ஏஜென்ட் யார், அவர் என்னென்ன வசூலிப்பார் என்று அவரிடமே எழுதி வாங்கிய பட்டியல். கட்டணம் கன அளவுக்கா எடைக்கா என்று ஒரு வரி. இன்சூரன்ஸ் எதற்கெல்லாம் கிடைக்காது என்று ஒரு வரி. பேலட் முத்திரையின் போட்டோ ஒன்று. இவ்வளவையும் உங்கள் போனிலேயே அரை மணி நேரத்தில் சேர்த்துவிடலாம். ஒரு தீவைப் பற்றித் தெரியாவிட்டால், தெரியாது என்றே எழுதுங்கள். சரக்கைச் சுவா வரைக்கும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதற்கப்புறம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பையன் சொன்னானாம். சுவா அம்மா இன்றைக்கும் அவனிடம்தான் வாங்குகிறார்.

உங்களுக்கும் மாத வாடகை இருக்கிறது, விசா இருக்கிறது, ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தத் திரும்பி வரும் தொகையை விட்டால் கையைக் கடிக்கும் என்பதும் தெரியும். உங்கள் கூலியைத் தனியாக, பெயர் போட்டுக் கேளுங்கள். எங்கள் ஆட்கள் கொடுப்பார்கள். சீன மொழி பேசி, தொழிற்சாலை வாசலில் நின்று, பெட்டியை எண்ணி ஏற்றுகிறவருக்குக் கூலி கொடுக்க யாரும் மறுக்க மாட்டார்கள்.

கோயில் பெரியவர் போன வாரம் மறுபடி வந்தார். உடைந்ததற்குப் பதில் 18 பெட்டி டைல்ஸ் வேண்டும், அதே நிறம், அதே எண். அந்தப் பையனிடமே கேட்கப் போகிறேன் என்றார். சரி என்று, மேலே சொன்ன கேள்விகளை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கிரியோலில் அர்த்தம் குறித்துக்கொண்டு, மடித்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு போனார். இந்நேரம் அது உங்களில் ஒருவருக்கு வந்து சேர்ந்திருக்கும். பதில் எழுதுங்கள் தம்பி.

அன்புடன்,
போர்ட் லூயியிலிருந்து ஒரு அக்கா