கறிக்கடைக் கழிவை இட்டேரியில் கொட்ட விடாதீர்கள்

எங்கள் ஊராட்சி நிர்வாகத்தினருக்கும் பக்கத்து நகராட்சியின் சுகாதாரப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

போன வியாழக்கிழமை விடியற்காலையில் எங்கள் பட்டிக்குள் நாய்கள் புகுந்து 9 செம்மறிகளைக் கடித்துக் கொன்றது உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆட்கள் வந்து போட்டோ எடுத்தார்கள். கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்து எழுதிக் கொடுத்தார். குழி தோண்டிப் புதைத்தோம், மனுவும் கொடுத்தோம். அதையெல்லாம் திரும்ப எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

ஞாயிறு என்றால் ஊரெல்லாம் கறி. வியாபாரம் முடிந்து இருட்டியதும் மொபெட்டிலும் குட்டியானையிலும் மூட்டைகள் கிளம்புகின்றன. கோழி இறகு, குடல், தலை, கால் எல்லாம் கட்டி, தோட்டங்களுக்கு நடுவே போகிற வண்டிப்பாதையான எங்கள் இட்டேரியில் வீசிவிட்டு, விளக்கைக்கூடப் போடாமல் திரும்பிவிடுகிறார்கள். திங்களும் செவ்வாயும் நாய்களுக்கு விருந்து. எங்கெங்கோ இருந்த நாயெல்லாம் இங்கேயே குடி வந்துவிட்டது. புதன்கிழமை வாக்கில் மூட்டை காலி. அப்புறம் அவை எங்கே போகும்? கிளுவை வேலியில் ஒரு சந்து கிடைத்தால் ஆடு மேய்கிற எங்கள் கொறங்காட்டுக்குள் வந்துவிடும். இது எங்கள் தோட்டத்துக் கதை மட்டுமில்லை. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் செத்த ஆடுகளைக் கொண்டுவந்து போட்டு விவசாயிகள் போராடியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தென்னைக்குத் தண்ணீர் கட்டுவது ஒரு நாள், எலுமிச்சை பறிப்பது ஒரு நாள், சந்தை ஒரு நாள் என்று ஓடிக்கொண்டிருந்த வாரம் எங்களுடையது. இப்போது நாய்க்கு எப்போது பசிக்கும் என்று பார்த்துத்தான் மற்ற வேலை. புதன் இரவிலிருந்து வீட்டுக்காரரும் நானும் முறை வைத்துப் பட்டியில் கட்டில் போட்டுப் படுக்கிறோம். அந்த வியாழன் விடிகிற நேரத்தில் பால் கறக்க நான் எழுந்து போன இடைவெளிதான் அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது.

செத்த ஆட்டுக்காவது ஒரு கணக்கு இருக்கிறது. மருத்துவர் சான்று, மனு, நிவாரணம் என்று ஏதோ ஒரு வழியில் போகிறது. சாகாமல் கிடக்கிறதே, அதற்கு உங்கள் படிவத்தில் இடமே இல்லை. எங்களிடம் ஒரு சினை ஆடு இருக்கிறது. பின்தொடையில் கை நுழைகிற அளவுக்குச் சதை பிய்ந்துவிட்டது. மருத்துவர் ஊசி போட்டு மருந்தும் கொடுத்தார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஈ உட்காருகிற இடமாயிற்றே, புழு வைத்துவிட்டது. காலையிலும் மாலையிலும் வீட்டுக்காரர் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, நான் புழுவை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு மருந்து வைத்து, சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவுகிறேன். முதல் இரண்டு நாள் துள்ளியது. இப்போது துள்ளுவதுமில்லை. மூன்றாம் நாள் குட்டியை வீசிவிட்டது, ரோமம்கூட முளைக்காத குட்டி. கடிபடாத ஆடுகளும் ஒழுங்காக மேய்வதில்லை. தோப்பில் ஒரு மட்டை விழுந்தால் போதும், மொத்த மந்தையும் வேலி மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. முன்பு கடிபட்டுத் தேறிய ஆட்டை விற்றுவிடலாம் என்றால், வியாபாரி தொடைத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடுகிறார். இந்த நஷ்டத்தை எந்த மேசையில் கொண்டுபோய் வைப்பது?

நாய்களைக் கொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பட்டியிலும் ஒரு நாய் இருக்கிறது, அதுவும் அன்று கடிபட்டது. கருத்தடைக்குப் பிடித்துப் போகிறோம் என்கிறீர்கள், செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் 2023-ஆம் ஆண்டு நாய்க் கருத்தடை விதிப்படி பிடித்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். பிடித்த இடம் எங்கள் இட்டேரி. குட்டி போடாது, சரி. பசிக்காமல் இருக்குமா?

2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொன்னது. பிள்ளைகளும் நோயாளிகளும் நடமாடுகிற இடங்கள், வேண்டியதுதான். ஆட்டுப்பட்டி அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் ஆடுகளைப் பேருந்து நிலையத்தில் கட்டி வைத்தால் பாதுகாப்பு கிடைக்குமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

தென்னையை வெள்ளை ஈ உறிஞ்சி ஓலையெல்லாம் கரி பிடித்துக் கிடக்கிறது. கேட்டால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள் என்கிறார்கள். எலுமிச்சை விலை பறிக்கிற கூலிக்கே பத்தாத நாள்கள் உண்டு. பால் விலையை உயர்த்துவதற்குள் தவிட்டு விலை இரண்டு தடவை ஏறிவிடுகிறது. இதையெல்லாம் உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, இவை உங்கள் கையில் இல்லை. கறிக்கடைக் கழிவு உங்கள் கையில்தான் இருக்கிறது. கடைக்கு உரிமம் கொடுப்பது நீங்கள், புதுப்பிப்பது நீங்கள். தெருவிலோ பொது இடத்திலோ ஓடையிலோ யாரும் குப்பையை வீசக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதியே சொல்லியாயிற்று. இதற்கென்று புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

அதனால் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு கடையின் கழிவையும் கடை வாசலிலேயே வாங்கிக்கொள்ளும் வண்டியை விடுங்கள், ஞாயிறு இரவு கட்டாயம் விடுங்கள். அதற்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கினாலும் தவறில்லை. வண்டி வந்த பிறகும் இட்டேரியில் வீசுகிறவருக்கு அபராதம் போடுங்கள், மறுபடியும் வீசினால் உரிமத்தைப் புதுப்பிக்காதீர்கள். நிவாரணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது வரட்டும். ஆனால் கழிவு கொட்டுவது நிற்காமல் நிவாரணம் கொடுத்துக்கொண்டே இருப்பது உங்களுக்கும் கட்டாது.

யார் கொட்டுகிறார்கள் என்று தெரியவில்லை என்று போன முறை சொன்னீர்கள். வருகிற ஞாயிறு இரவு ஒரு பணியாளரை அனுப்புங்கள். உட்காரக் கட்டிலும் குடிக்க டீயும் நாங்கள் தருகிறோம். வண்டி நம்பரை அவரே பார்த்து எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் எல்லைக்குள் பண்ணயம் பார்க்கும் தோட்டத்துக்காரி