சிட்டியின் சக்கரம் ஸ்விஃப்டில் ஏறுமா?

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி மனசுக்கு நிறைவாக இருந்தது. பெயர் வைத்ததும் எழுது.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். உன் ஸ்விஃப்ட் எல்எக்ஸ்ஐயில் உள்ள 14 அங்குல இரும்பு ரிம்மைக் கழற்றிவிட்டு, ஹோண்டா சிட்டியில் வந்த 16 அங்குல அலாயை (அலுமினியக் கலவை ரிம்மை) போடலாமா என்று கேட்டிருக்கிறாய். "ரெண்டுக்கும் ஒரே பி.சி.டி., அப்படியே உட்காரும் சார்" என்று புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைக்காரர் சொன்னாராம். பி.சி.டி. என்பது நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். பொய்யில்லை, உட்காரத்தான் செய்யும். ஆனால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது நட். வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு வண்டிக்கும் நான்கு துளை, 100 மி.மீ. வட்டம். எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடு அளந்தால் 100 வர வேண்டும். பழைய ஃபியட் யூனோ, பாலியோ சக்கரங்களில் இது 98. அதை உன் வண்டியில் மாட்டினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, நட்டும் இழுத்துப் பிடித்து உட்கார்ந்துவிடும். பிறகு ஸ்டட் (நட் ஏறும் மரையாணி) ஒவ்வொன்றும் வளைந்தபடியே சுமை தாங்கும். அதனால் கடையிலேயே டேப் வைத்து அளந்துவிடு.

அடுத்தது நடுத்துளை. ஸ்விஃப்ட் ஹப் (நடுத்துளைக்குள் நுழையும் அச்சுப் பகுதி) 54.1 மி.மீ., சிட்டி ரிம்மின் துளை 56.1. சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி விழும். அதை அடைக்க வெளியே 56.1, உள்ளே 54.1 அளவில் ஹப் ரிங் விற்கிறார்கள், நான்கு வாங்கு. ரிங் இல்லாமல் மாட்டினால் 80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் ஆடும். நீ பேலன்சிங் கடைக்கு ஓடுவாய், அங்கே மெஷின் பூஜ்யம், அதாவது எல்லாம் சரி என்று காட்டும். மெஷின் ரிம்மை நடுத்துளையில் பிடித்துச் சுற்றுகிறது, உன் வண்டியோ அப்படிப் பிடிக்கவில்லை. கோளாறு மெஷினுக்குத் தெரியாது. (இதையே தலைகீழாக, ஸ்விஃப்ட் ரிம்மைச் சிட்டியில் மாட்ட நினைத்தால் ஹப்பே துளைக்குள் நுழையாது.)

இனி நட். ஸ்விஃப்ட் ஸ்டட் 12 மி.மீ. தடிமன், 1.25 மரை, அதாவது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி 1.25 மி.மீ. ஹோண்டா நட் அதே தடிமன், 1.5 மரை. ஹோண்டா நட்டை ஸ்விஃப்ட் ஸ்டட்டில் வைத்தால் இரண்டு சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும். "டைட் ஆயிடுச்சு" என்று பையன் ஏர் கன்னை வைத்தான் என்றால் மரை போச்சு. சரி, ஸ்விஃப்டின் சொந்த நட்டையே போடலாமே என்பாய். அது 60 டிகிரி கூம்பு முகம். ஹோண்டா கம்பெனி அலாயின் துளையோ கிண்ணம் மாதிரி வளைந்தது, உருண்டை முகமுள்ள நட்டுக்காக வெட்டியது. கூம்பு கிண்ணத்தில் உட்கார்ந்தால் முகம் முழுக்கத் தொடாது, மெல்லிய ஒரு கோட்டில்தான் தொடும். ஸ்பேனருக்கு இறுக்கமாகத் தெரியும். ஓட ஓட அந்தக் கோட்டில் அலுமினியம் நசுங்கும், நட் தளரும்.

சோதிப்பது எளிது. நட்டின் முகத்தில் மார்க்கர் மையைப் பூசி, கையால் இறுக்கிக் கழற்றிப் பார். அகலமான பட்டையாக மை அழிந்திருந்தால் பொருத்தம் சரி. ஓரத்தில் ஒரு கோடு மட்டும் அழிந்திருந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

ஆக உனக்கு வேண்டியது 12 மி.மீ., 1.25 மரை, உருண்டை முகம். இந்தச் சேர்க்கை சாதாரணக் கடையில் அபூர்வம், தேடித்தான் பிடிக்க வேண்டும். கிடைத்தால் 16 வாங்கு. ஸ்டெப்னி பழைய இரும்பு ரிம்தான், அதற்குக் கூம்பு நட் தேவை. பழைய நட் நான்கை டிக்கியில் போட்டு வை. ராத்திரி வழியில் பஞ்சரானால்தான் அதன் அருமை தெரியும். ஸ்டட்டையே ஹோண்டாவுடையதாக மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஹப்பில் கடிக்கும் பல் பகுதியின் அளவு ஒத்துப்போகாவிட்டால் ஸ்டட் நின்ற இடத்திலேயே சுற்றும்.

ரிம் எவ்வளவு உள்ளே போகும் என்பதையும் பார்க்க வேண்டும். அகலமும் ஆஃப்செட்டும் ரிம்மின் பின்புறம் வார்த்திருக்கும். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் அமரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது; அது கூடினால் ரிம் உள்ளே போகும். ஜே-க்கு முன் உள்ள எண் அகலம், அங்குலத்தில்; இ.டி. ஆஃப்செட், மி.மீ.யில். பழையது 5 ஜே, இ.டி. 45, புதியது 6 ஜே, இ.டி. 53 என்று வைத்துக்கொள். அகலம் ஒரு அங்குலம் கூடுவதால் பக்கத்துக்கு 12.7 மி.மீ., ஆஃப்செட்டால் 8 மி.மீ. உள்ளே. வெளியே நீட்டுவது 4.7 மி.மீ. மட்டும், உள்ளே 20.7 மி.மீ. நெருங்கிவிடும். அதனால் டயர் ஏற்றும் முன் வெறும் ரிம்மை முன்பக்கம் மாட்டி, நான்கு நட்டும் இறுக்கி, கையால் சுற்றிப் பார். பிரேக் காலிபருக்கும் ரிம்முக்கும் 3 மி.மீ.யாவது இருக்கட்டும். டயர் ஏற்றிய பிறகு சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் பக்கம் ஒரு விரல் நுழைய வேண்டும், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்தும் பார். இடம் போதவில்லை என்றால் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு போடச் சொல்வார்கள். தட்டின் தடிமன் அளவுக்கு நட் பிடிக்கும் மரை குறையும். அலாயே இரும்பு ரிம்மைவிடத் தடிமன். நட் ஸ்டட்டில் 10 சுற்றாவது முழுதாக ஏற வேண்டும், எண்ணிப் பார்.

சிட்டி டயரோடு சேர்த்துத் தருகிறேன் என்றால் டயர் வேண்டாம் என்று சொல். உன் 165/80 ஆர் 14 டயரின் விட்டம் சுமார் 620 மி.மீ., சுமைக் குறியீடு 85, அதாவது டயருக்கு 515 கிலோ. சிட்டியின் 185/55 ஆர் 16 விட்டம் 610, குறியீடு 83, 487 கிலோதான். தரையிடைவெளி 5 மி.மீ. குறையும், சுமையும் குறையும். 195/55 ஆர் 16 போட்டால் விட்டம் 621க்கு வந்துவிடும், ஸ்பீடோமீட்டரும் சரியாகக் காட்டும். வாங்கும்போது சுமைக் குறியீடு 85க்குக் குறையாமல் பார்த்துக்கொள்.

மாட்டும்போது ஹப் முகத்தின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடு. மரையில் கிரீஸ் தடவாதே. ஜாக்கியில் இருக்கும்போதே எதிரெதிர் நட்டாகக் கையால் இறுக்கி, தரையில் இறக்கியதும், அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரெஞ்சால் ஸ்விஃப்ட் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கு. 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை. அலாயின் விவரத்தை இன்ஷூரன்ஸ்காரருக்கும் எழுதிக் கொடுத்துவிடு.

என்னைக் கேட்டால், சிட்டி ரிம்மை விட்டுவிட்டு பலேனோவின் 16 அங்குல ரிம் தேடு. பி.சி.டி., 54.1 துளை, 1.25 மரை, கூம்பு எல்லாம் உன் வண்டிக்கே உரியவை. ரிங்கும் வேண்டாம், புது நட்டும் வேண்டாம். பழைய ரிம் எதுவானாலும் உள்விளிம்பைத் தடவிப் பார். புது பெயின்டுக்கு அடியில் வெல்டிங் மேடு தட்டுப்பட்டால் அங்கேயே வைத்துவிட்டு வா.

புதுப்பேட்டை போகும்போது வண்டியிலிருந்து ஒரு நட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போ. பேத்தியைப் பார்க்க தை மாதம் வருகிறோம்.

அன்புடன்,
ரங்கன்